மூட்டை இறங்கின தேதி

முத்திரைக்குச் சால்வை போர்த்தி வழியனுப்பினார்களே, அன்றைக்கே வேலனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விழாவில் கொடுத்த கேசரி நன்றாக இருந்தது.

நாற்பது வருசமாகச் சுண்ணாம்புக்காட்டுப் புதூர் தபாலாபீசில் டொக்கு டொக்கென்று விழுந்துகொண்டிருந்த தேதி முத்திரை அது. அதன் மரக்கைப்பிடி, போஸ்ட்மாஸ்டர் சுந்தரராஜுலுவின் உள்ளங்கைக்குத் தக்கபடி தேய்ந்து போயிருந்தது. ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் ஜீப்பில் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். முத்திரையைத் தாம்பாளத்தில் வைத்து, சால்வை போர்த்தி, அதன் தன்னலமற்ற சேவையைப் பற்றி ஆளுக்கு இருபது நிமிசம் பேசினார்கள். இனிமேல் ஊருக்கு ஊர் முத்திரை கிடையாது. மண்டலம் முழுவதற்கும் ஒரே இடத்தில், ஒரே மையில், ஒரே தேதியில் குத்தப்படும். 'ஒரே மண்டலம், ஒரே முத்திரை' என்று பேனரில் போட்டிருந்தது. பேசி முடித்து, முத்திரையை ஜீப்பின் முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார்கள். ஒரு அதிகாரி இறங்கிப் பின்னால் போய் ஏறிக்கொண்டார். சுந்தரராஜுலு மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருசம் இருந்தது. அதுவரை அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வேலன் மதுக்கரைப் பக்கம் ஒரு சிமென்ட் கிடங்கில் லோடுமேன். ஐம்பத்திரண்டு வயதில் முப்பது வருசம் தோளில் மூட்டையோடு போனது. அவனுடைய உலகத்தில் தேதிக்கும் நேரத்துக்கும் ஒரே சட்டம்தான். மூட்டை தோளை விட்டு இறங்கின நொடியில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு விழும். அதற்குப் பிறகு லாரி பஞ்சராகட்டும், டிரைவர் பாலக்காட்டு ரோட்டில் நிறுத்திப் படுத்துத் தூங்கட்டும், விழுந்த கோடு விழுந்ததுதான். மூட்டை ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கோடு போடுவேன் என்று எந்த மேஸ்திரியாவது சொன்னால், அந்த மேஸ்திரியையே தூக்கி லாரியில் போட்டுவிடுவார்கள்.

இந்தச் சட்டம் உலகம் முழுவதற்கும் பொது என்று வேலன் நினைத்திருந்தான். அவன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

செப்டம்பர் பதினாறாம் தேதியிட்டு ஒரு ஆணை வந்தது. குடியிருப்பு ஒழுங்கமைவு வாரியம் அனுப்பியிருந்தது. அப்படி ஒரு வாரியம் இருப்பது அதுவரை ஊரில் யாருக்கும் தெரியாது. புதூர் மேற்குத் தெருவிலுள்ள முப்பத்தோரு வீடுகளும், வருங்காலத்தில் போடப்படக்கூடிய ஒரு சாலை வருங்காலத்தில் அகலப்படுத்தப்படுமானால் அந்த அகலத்துக்குள் வருவதாகவும், ஆகவே இப்போதே இடிக்கப்பட வேண்டியவை என்றும் அதில் கண்டிருந்தது.

முதல் வீடு வேலனுடையது. அவனும் பழனியாத்தாளும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் கட்டினது. அவள் கலவை குழைப்பாள், அவன் கல் வைப்பான். ஏழு வருசம், லீவு நாள் என்றால் என்னவென்று தெரியாமல் கட்டி முடித்தார்கள். குளியலறைக்குக் கதவு மட்டும் இன்னும் போடவில்லை. அங்கே பழைய சேலை ஒன்று தொங்கியது.

கோர்ட்டுப் பக்கத்துச் சந்தில் மனு டைப் அடிக்கும் பஷீர் பாய்தான் ஆணையை நாலு பக்கமும் படித்தார். அவர் சட்டம் படித்தவரில்லை. முப்பது வருசம் வக்கீல்களுக்கு டைப் அடித்ததில், சட்டம் படித்தவர்கள் எங்கே கோட்டை விடுவார்கள் என்பது அவர் விரலுக்குத் தெரியும்.

"பதினோராவது பிரிவப் பாரு வேலா. ஆட்சேபணைய முப்பது நாளைக்குள்ள தபால்ல போடணும். நேர்ல குடுத்தா செல்லாது. உறைமேல விழுற முத்திரைத் தேதிதான் நீ போட்ட தேதி. அக்டோபர் பதினாறு கடைசி."

"பன்னெண்டாவது என்னங்க பாய்?"

"அது அவங்களுக்கு. தொண்ணூறு நாளைக்குள்ள இறுதி ஆணைய அவங்க தபால்ல போட்டாகணும். அதுக்கும் முத்திரைத் தேதிதான் கணக்கு. டிசம்பர் பதினஞ்சு தாண்டிப் போச்சுன்னா மொத ஆணை செத்துப்போகும்."

வேலன் சிரித்துவிட்டான். "அவங்களுக்கும் கெடு இருக்குதுங்களா பாய்? காலண்டரே அவங்க அடிக்கறதுதானுங்களே."

"சட்டம்னா ரெண்டு தட்டும் தொங்கணும்பா. ஒரு தட்டுல ஒண்ணுமே விழாதுங்கறது வேற விசயம்."

முப்பத்தோரு வீட்டுக் கையெழுத்தும் ஒரே மனுவில் வாங்குவது என்று தீர்மானமாயிற்று. மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவன் பகலெல்லாம் தூங்குவான். பகல் ஷிப்ட்காரன் வந்ததும் தூங்குவான். ஒவ்வொருத்தனையும் எழுப்பிக் கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. தபாலில் போடலாமென்று கிளம்பினபோது பழனியாத்தாள் குறுக்கே நின்றாள்.

"ஏனுங்க, மொதல்ல ஆனமலைக்குப் போயிப்போட்டு வந்தறலாமுங்க. மாசாணியாத்தா கிட்ட ஒரு நகல் குடுத்துப்போடோணும்."

"ஆத்தாளுக்கு எதுக்கு நகலு?"

"அவ படிப்பாளுங்க. இவுங்க படிப்பாங்கன்னு என்ன நிச்சயம்?"

ஆனைமலைக்குப் போய், நீதிக் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி, மனுவின் நகலை அம்மனிடம் வைத்துவிட்டு வந்தார்கள். அங்கே யாரும் தேதி கேட்கவில்லை. மறுநாள் அக்டோபர் பதினாறு. காலை பதினோரு மணிக்கு வேலன் தபாலாபீஸ் கம்பிக்கு முன்னால் நின்றான்.

"சார், இன்னைக்குத்தான் கடைசி நாளுங்க. இன்னைக்குத் தேதி விழோணும்."

சுந்தரராஜுலு உறையை வாங்கி எடை பார்த்தார். பழக்கதோசத்தில் வலது கையை ஓங்கினார். கையில் ஒன்றும் இல்லை. மெல்ல இறக்கிக்கொண்டார்.

"என்ற கையில தேதி இல்லீங்க வேலா. என்ற கையில இருக்கறது பைதான். பையில போட்டுக் கட்டி அனுப்பிச்சிருவேன். மையத்துல குத்துவாங்க."

"எப்பங்க குத்துவாங்க?"

"குத்தறப்பக் குத்துவாங்க. இந்தாங்க சீட்டு."

சீட்டில் அன்றைய தேதி பளிச்சென்று இருந்ததைப் பார்த்து வேலனுக்கு மூச்சு வந்தது. கீழே எறும்பு ஊர்வது போலிருந்த வரியைப் பழனியாத்தாள்தான் மாலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். 'இச்சீட்டு தாங்கள் அலுவலகத்துக்கு வருகை தந்ததை மட்டுமே உறுதி செய்யும். தபால் வருகை தந்ததை அல்ல.'

நவம்பர் முதல் வாரத்தில் மனு திரும்பி வந்துவிட்டது. 'முத்திரைத் தேதி அக்டோபர் 24. எட்டு நாள் காலங்கடந்தது. நிராகரிக்கப்பட்டது.'

வாரியத்தின் ஆபீஸ் நாலாவது மாடியில் இருந்தது. லிப்ட் மூன்றாவது மாடி வரைக்கும்தான் போகும். பிரிவு அலுவலர் ராசப்பன் நல்ல மனுசர். இல்லாத நாற்காலியைக் காட்டி "உக்காருங்க" என்றார்.

"சார், நான் பதினாறாந்தேதியே போட்டுட்டனுங்க. சீட்டு இருக்குதுங்க."

ராசப்பன் சீட்டைப் பார்த்தார். மனுவைப் பார்த்தார். வருத்தப்பட்டார். வருத்தப்படுவதற்கென்றே அவர் முகத்தில் ஒரு தனி இடம் இருந்தது.

"நீங்க பதினாறே போட்டுட்டீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. மனுவுல பதினாறுன்னு இருக்குது, சீட்டுலயும் பதினாறுன்னு இருக்குது. உங்க மூஞ்சியப் பாத்தாலே பதினாறுன்னு தெரியுது. ஆனாப் பாருங்க, எனக்குத் தெரியறது வேற, ஆபீசுக்குத் தெரியறது வேற."

"ஆபீசுன்னா நீங்கதானுங்களே?"

"அப்படித்தான் எல்லாரும் நெனைக்கறாங்க. நான் இங்க பதினெட்டு வருசமா இருக்கறனுங்க. என்ற ஊட்டுப் பட்டா மாறுதலுக்கே இன்னும் பதில் வரலீங்க. சட்டம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். நாளைக்கு எங்க கடுதாசி நேரங்கழிச்சுப் போனாலும் அது செல்லாதுங்க. ஆனா எங்க கடுதாசி நேரங்கழிச்சுப் போகாது. ஏன்னா, எங்ககிட்ட அவசரம்னு ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருக்குது." அதை எடுத்துக் காட்டவும் செய்தார். சிவப்பு மை.

"இப்ப நான் என்னங்க பண்றது?"

"முத்திரை மையத்துல தேதித் திருத்தச் சான்று வாங்குங்க. அதுக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தபால்ல போடோணும். நவம்பர் பதினெட்டுக்குள்ள முத்திரை விழோணும்."

"முத்திரை நேரத்துக்கு விழுகலீன்னு குடுக்கற மனுவுக்கும் முத்திரை நேரத்துக்கு விழோணுமுங்களா?"

"பின்ன? இல்லீன்னா நீங்க எப்பக் கேட்டீங்கன்னு எப்படிங்க தெரியும்?"

பஷீர் பாய் அன்றைக்கே விண்ணப்பம் அடித்துக் கொடுத்தார். வேலன் மறுநாள் போட்டான். பத்து நாளாயிற்று, பன்னிரண்டு நாளாயிற்று, ஒரு தகவலும் இல்லை. மேற்குத் தெருவில் யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் வரும்போது பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். பழனியாத்தாள் பரண்மேல் இருந்த அண்டாவை இறக்கிக் கயிறு கட்டி வைத்தாள்.

"எதுக்குடி இப்பவே?"

"ஜேசிபி வந்தா அண்டாவ எறக்க நேரம் குடுப்பானுங்களா?"

நவம்பர் பதினெட்டாம் தேதி காலையில் வேலன் வேலைக்குப் போகாமல் நேராக முத்திரை மையத்துக்குப் போனான்.

போத்தனூரிலிருந்து மதுக்கரை வருகிற வழியில், ஓடாமல் மூடிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தைத்தான் மையமாக்கியிருந்தார்கள். வாசலில் கைகூப்பிய பொம்மைகள் இரண்டும் அப்படியே நின்றன. முற்றத்தில் மூன்று லாரிகள், தார்ப்பாய் மூடிக் கட்டிய நிலையில். ஒன்றின் சக்கரத்தில் பூசணிக்கொடி ஏறிப் பூத்திருந்தது.

உள்ளே 'தேதி வார விழா' நடந்துகொண்டிருந்தது. மணமக்கள் மேடையில், பிளாஸ்டர் மயிலுக்குக் கீழே, இரண்டு ராஜா நாற்காலிகள். ஒன்றில் மையத்தின் இயக்குநர் மானசா. இன்னொன்றில் முத்திரை, அதே சால்வையோடு. கீழே பதினாறு அதிகாரிகள். மை ஊற்ற ஒருவர், மையட்டைக்கு ஒருவர், நாளுக்கு ஒருவர், மாதத்துக்கு ஒருவர். வருசத்துக்கு இருப்பவருக்கு ஜனவரியில் மட்டும்தான் வேலை என்பதால் அவர் நன்றியுரையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்.

மானசா மைக்கைப் பிடித்தார்.

"முன்பெல்லாம் என்ன நடந்தது? தபால் போட்டவுடன் முத்திரை விழுந்தது. பிறகு அந்தத் தபால் நாலு நாள், ஐந்து நாள் ஊர் சுற்றியது. மக்கள் முத்திரையைப் பார்த்தார்கள். தாமதத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! நோய் எங்கே இருந்தது? தாமதத்திலா? இல்லை. முத்திரை அவசரப்பட்டு விழுந்ததுதான் நோய். எனவே, தபால் இங்கிருந்து கிளம்புகிற அன்றைக்குத்தான் நாங்கள் முத்திரை குத்துகிறோம். இன்று நம் மண்டலத்தின் சராசரித் தாமதம் எவ்வளவு தெரியுமா? சைபர்!"

பதினாறு பேரும் கைதட்டினார்கள். சைபருக்காக மேலிடம் கொடுத்த கேடயம் ஒன்றை மேடையில் தூக்கிக் காட்டினார்கள். வேலனும் தன்னையறியாமல் ரெண்டு தட்டு தட்டினான்.

விழா முடிந்ததும் மேடைப் படியருகே போய் நின்றான். "ஏனுங்க மேடம், வெளிய மூணு லாரி நிக்குதுங்களே. அதுல இருக்கற தபாலு?"

"அது தபால் இல்லைங்க ஐயா. மூட்டை. இறக்கிப் பிரிச்சு மேசைக்கு வந்தாத்தான் தபால்."

"எறக்கலீங்களா?"

"டிரைவருக்கு வண்டி வேணும்னா தினம் நாலு மூட்டையத் தள்ளிவிட்டுட்டுப் போவாரு. அதுக்கு முத்திரை குத்திடறோம். மத்ததுக்கு ஆள் வேணும். டெண்டர் விட்டாச்சு. விண்ணப்பம் தபால்லதான் வரணும், ஆகஸ்ட் முப்பத்தொண்ணு முத்திரை இருக்கணும். ஒண்ணுகூட வரலை. இந்தக் காலத்துல யாருக்குங்க வேலை செய்ய மனசு இருக்கு?"

வேலன் வாசல் பக்கம் திரும்பி லாரிகளைப் பார்த்தான். "விண்ணப்பம் போட்டிருப்பாங்களுங்க. அது இந்த லாரிலதான் இருக்கும்."

"இருக்கலாங்க."

"அப்ப எறக்கினா கெடைச்சுப்போகுமுங்களே?"

"இறக்குறதுக்கு ஆள் வேணுமில்லைங்களா?" என்று மானசா பொறுமையாக, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

வேலன் முற்றத்துக்கு வந்தான். லாரிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அப்புறம் சட்டையைக் கழற்றிப் பொம்மையின் கூப்பிய கையில் மாட்டிவிட்டு, கிடங்கில் இருந்த கதிர்வேலுக்குப் போன் போட்டான்.

"கதிரு, சட்டுனு வா. நம்ம பசங்க மூணு பேரையும் கூட்டிக்க."

"என்னங்கண்ணா, என்ன லோடு?"

"என்ற ஊடு."

பதினொன்றரைக்கு ஆரம்பித்தார்கள். ஐந்து பேர், மூன்று லாரி, நூற்றுத் தொண்ணூறு மூட்டை. சிமென்ட்டைவிடக் கனம் குறைவுதான், ஆனால் காகிதம் தோளில் வழுக்கும். இறக்க இறக்கக் கதிர்வேல் பிளாஸ்டர் மயிலின் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டான். ஆளுக்கொரு 'தன்னார்வலர்' அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டு, முக்கால் மணிக்கு ஒருதரம் அதிகாரி ஒருவர் வந்து படம் எடுத்துப் போனார். சாப்பாட்டுக்குக்கூட உட்காரவில்லை. முப்பது வருசத்தில் முதல் முறையாக நாலரை மணி டீயையும் விட்டுவிட்டு இறக்கினார்கள்.

வேலனின் விண்ணப்பம் மூன்றாவது லாரியின் கடைக்கோடி மூட்டையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஓடினான். அதற்குப் பத்து நிமிசத்துக்கு முன்னால் ஐந்து மணி மணி அடித்திருந்தது. முத்திரையைப் பெட்டியில் வைத்து, சால்வையைப் போர்த்தி, பூட்டிவிட்டார்கள்.

"மேடம், பத்தே நிமிசமுங்க. இன்னைக்குத்தான் கடைசி."

"பத்து நிமிசத்துக்காகத் தேதியை விட்டுக் குடுத்தா நாளைக்கு எல்லாத்தையும் விட்டுக் குடுக்கச் சொல்வீங்க. காலையில முதல் முத்திரை உங்களுக்குத்தான். சந்தோசமா?"

"மேடம், மத்தியானமே மூட்டை இங்கதானுங்க இருந்துச்சு."

"மூட்டை இருந்துச்சுங்க. தபால் வரலை."

மறுநாள் காலை முதல் முத்திரை அவனுக்கே விழுந்தது. நவம்பர் 19. ஒருநாள் காலங்கடந்தது.

அதே மூட்டைகளில் லோடுமேன் டெண்டருக்கான பதினாலு விண்ணப்பங்களும் கிடைத்தன. பதினாலிலும் நவம்பர் 19 என்று குத்தி, காலங்கடந்ததாக நிராகரித்தார்கள். புது டெண்டர் அறிவித்தார்கள், தபால் மூலம். அது முடியும் வரைக்கும் 'அவசரகாலத் தற்காலிக இறக்கல் ஏற்பாடு' என்று பெயர் வைத்து, வேலனையும் கதிர்வேலையும் மற்ற மூன்று பேரையும் தினமும் மூன்றரையிலிருந்து ஐந்து வரைக்கும் வரச் சொன்னார்கள். வேலன் ஒத்துக்கொண்டான். வீட்டில் உட்கார்ந்து அண்டாவைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது தேவலை.

தினமும் ஒரே லாரி. காலை பத்து மணிக்குக் கோயமுத்தூரில் ஆபீஸ் ஆபீசாக ஏற்ற ஆரம்பித்து, வழியில் ஊர்ப் பைகளை வாங்கிக்கொண்டு மூன்றரைக்கு வந்து நிற்கும். முதலில் ஏறினது உள்ளே ஆழத்தில் போகும், கடைசியில் ஏறினது வாசலில் நிற்கும். இறக்கும்போது வாசலில் இருப்பது முதலில் இறங்கும். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை, லாரிக்கு ஒரு பக்கம்தான் கதவு. லாரியின் முதல் நிறுத்தம் குடியிருப்பு வாரியம். பெரிய ஆபீஸ் என்பதால் அவர்களுக்கு முதல் மரியாதை. ஆகவே அவர்களுடைய மூட்டை எப்போதும் கடைசி மூட்டை. இதைக் கவனித்த அன்றைக்கு வேலன் பஷீர் பாய்க்குப் போன் போட்டான்.

"பாய், அந்தப் பன்னெண்டாவது பிரிவ இன்னொருக்காப் படிங்க."

படித்தார். "டிசம்பர் பதினஞ்சு. உங்களுக்கு இறுதி ஆணை வந்துருச்சா வேலா?"

"இன்னும் இல்லீங்க. வந்தா என்ற தோள்லதானுங்களே வரோணும்."

வாரியத்தில் அவசரமில்லை. தொண்ணூறு நாளில் எண்பத்தொன்பது நாள் கோப்பு தலைவர் மேசையில் பழுத்துக்கொண்டிருந்தது. டிசம்பர் பதினைந்து காலையில்தான் கையெழுத்தானது. முப்பத்தோரு வீட்டுக்கும் முப்பத்தோரு இறுதி ஆணைகள், அவற்றோடு வருங்காலச் சாலையின் வரைபடம், இணைப்பு, பின்னிணைப்பு எல்லாம் சேர்த்து ஒரே மூட்டை. மேலே சிவப்பு மையில் 'அவசரம்'. மற்ற ஆபீஸ்களுக்கு முன்னால், சரியாகப் பத்து மணிக்கு, முதல் மூட்டையாக லாரியில் ஏறியது.

லாரி வழக்கம்போல மூன்றரைக்கு வந்தது. ஐந்து பேரும் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு இறக்க ஆரம்பித்தார்கள். நாலேகாலுக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. ராசப்பன் குதித்து இறங்கினார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, வாரியத்து மூட்டை எறங்கிருச்சுங்களா?" என்று கேட்டவர், தலைத்துண்டுக்குக் கீழே இருந்த முகத்தை அப்போதுதான் பார்த்தார். "அட, நீங்களா! நல்லாருக்கீங்களா? ஊட்டுல சௌக்கியமுங்களா?"

"ஊடு இன்னும் நின்னுட்டிருக்குதுங்க சார்."

ராசப்பனின் முகத்தில் வருத்தப்படும் இடம் கொஞ்சம் அசைந்து அடங்கியது. "தம்பி, அந்த ஒரு மூட்டைய மட்டும் முன்னால எறக்கிக் குடுத்துப்போடுங்க. அஞ்சு மணிக்குள்ள முத்திரை விழோணும். அவசரம்னு ஸ்டாம்பே குத்தியிருக்குது."

"மூட்டை உள்ள இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க சார்," என்றான் வேலன். "சிவப்பு மையும் இங்கிருந்தே தெரியுது. ஆனாப் பாருங்க, எனக்குத் தெரியறது வேற, லாரிக்குத் தெரியறது வேற. அதுக்கு முன்னால இருபத்தெட்டு மூட்டை நிக்குதுங்க."

கதிர்வேல் ஒரு கோடு போட்டான். இன்னொரு கோடு போட்டான். யாரும் மெதுவாக வேலை செய்யவில்லை, தினமும் செய்வதைத்தான் செய்தார்கள். நாலரை ஆயிற்று. ஐந்து பேரும் துண்டை உதறிவிட்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்கள்.

"எங்கீங்க போறீங்க?" ராசப்பன் பின்னாலேயே ஓடினார்.

"டீங்க. முப்பது வருசமா நாலரைக்குங்க. ஒரே ஒரு நாள்தான் விட்டுப்போட்டோம். அன்னைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலீங்க."

ராசப்பன் செருப்பைக் கழற்றினார். பேண்டை மடித்துவிட்டு லாரியில் ஏறினார். இருபது மூட்டைகளுக்குமேல் தவழ்ந்து உள்ளே போனது தெரிந்தது. சற்று நேரம் முனகல் மட்டும் கேட்டது. வேலன் டீ கிளாசோடு பின்பக்கம் வந்து எட்டிப் பார்த்தான். முப்பத்தோரு குடும்பத்தின் மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு ராசப்பன் உட்கார்ந்திருந்தார். மூட்டை ஒரு சாண்கூட நகரவில்லை.

"மூச்சப் புடிச்சுட்டு முட்டிய மடக்கித் தூக்கோணுமுங்க சார். முதுகக் குடுக்காதீங்க, புடிச்சுக்கும்."

பிடித்துக்கொண்டது. அவரை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. டீ குடித்து முடித்துவிட்டு இறக்கினார்கள். அவர் மூட்டை இல்லை என்பதால் கதிர்வேல் அதற்குக் கோடு போடவில்லை.

மிச்ச மூட்டைகளையும் வரிசை மாறாமல் இறக்கினார்கள். வாரியத்தின் மூட்டை வேலனின் தோளில் ஏறியபோது மேடையில் மணி அடித்தது. சால்வையைப் போர்த்தினார்கள். பெட்டியைப் பூட்டினார்கள். ராசப்பன் இடுப்பைப் பிடித்தபடி மேடைப்படியில் கை வைத்து நின்றார்.

"மேடம், மூட்டை மூணரைக்கே உள்ள வந்துபோச்சுங்க. நீங்களே பாத்தீங்க."

"மூட்டை வந்துச்சுங்க. தபால் வரலை," என்றார் மானசா.

"வாரியமுங்க மேடம்! சாதாரண ஆளுகளுக்கும் வாரியத்துக்கும் ஒரே சட்டமுங்களா?"

"அப்படித்தானே சொல்லி வெச்சிருக்காங்க?" என்றார் அவர். நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். அவருடைய சைபரில் கலப்படம் கிடையாது, அதை யாருக்காகவும் கெடுத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை.

மறுநாள் முதல் முத்திரை வாரியத்துக்கு விழுந்தது. டிசம்பர் 16. பஷீர் பாய் அந்த உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். அன்றைக்கு அவர் டைப் அடித்ததற்கு யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை.

பொங்கல் கழித்து வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. பழனியாத்தாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று சத்தமாக வாசித்தாள். மேற்குத் தெருவே அவரவர் வாசலில் நின்று கேட்டது.

"'...ஆகவே மேற்படி ஆணை காலாவதியாகிவிட்டபடியால், தங்கள் இல்லம் இடிக்கப்படமாட்டாது என்பது வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது. இதில் தங்களுக்கு ஆட்சேபணை ஏதேனும் இருப்பின், முப்பது நாட்களுக்குள் தபால் மூலம் தெரிவிக்கவும்.'"

வேலன் குளியலறை வாசலில் தொங்கிய சேலையை ஒதுக்கிவிட்டு, கதவுக்குக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தான்.

"ஏனுங்க, ஆட்சேபணை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணு இருக்குது. வருத்தத்துடன்னு போட்டிருக்கறாங்க பாரு, அது எனக்குப் புடிக்கல."

"அப்ப எழுதிப் போட்டுருங்க. போட்டா என்னைக்குங்க போய்ச் சேரும்?"

வேலன் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு அளவை உறுதி செய்தான்.

"நான் எறக்கற அன்னைக்கு."